முதலில் இருட்டை அள

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஈப்போவிலிருந்து பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை நிதானமாகப் படித்துவிட்டேன். உன் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். "படிச்சது போதாதா மாமா? சிம்பாங் பூலாய் சில்லு ஃபேக்டரில ஆள் எடுக்குறாங்களாம். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா" என்பது அவர் கட்சி. வளையும் பெரோவ்ஸ்கைட் ஒளியுணரியில் முதுகலை ஆய்வு என்பது உன் கட்சி. நடுவில் நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்குப் போ. ஆனால் இந்தத் திட்டத்தை இப்படியே தூக்கிக்கொண்டு போகாதே. உயர்ந்த உணர்திறன், உயர்ந்த உணர்திறன் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். வெளிச்சமே படாதபோதும் கசிகிற இருட்டு மின்னோட்டம் ஒரே ஓர் இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறது. ஈரப்பதம் என்ற சொல்லே இல்லை. இதைப் படிக்கிற யாரும் எழுதியது பேராக் பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். ஏதோ குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதியதைப் போல இருக்கிறது.

அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கத்தை உனக்கும் எழுதுகிறேன். உறவுக்காரர்கள் கேட்டால் உதவும். வெளிச்சம் பட்டதும் மின்சாரத்தை ஓடவிடும் பொருளை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்தால் அது ஒளியுணரி. கைப்பேசிக் கேமரா, ரிமோட்டைப் பார்க்கும் தொலைக்காட்சியின் கறுப்புப் புள்ளி, கடையில் பார்கோடு படிக்கும் கருவி, மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. பெரும்பாலும் சிலிக்கன். சிலிக்கன் ஒளியை மந்தமாகத்தான் உறிஞ்சும். அதனால் தடிமனாக வேண்டியிருக்கிறது, தடிமனானால் வளைக்க முடியாது, வளைத்தால் உடையும். பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளோ அரை மைக்ரோமீட்டர் படலத்திலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. கரைசலாக ஊற்றிச் சுழற்றிப் பூசி, 100 டிகிரி சூட்டில் சில நிமிடம் வைத்தால் படிகமாகிவிடும். சிலிக்கன் உருகுவதற்கு 1,414 டிகிரி வேண்டும். 100 டிகிரியைத் தண்ணீர்ப் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கே தாங்கும். உன் தலைப்பில் 'வளையும்' என்ற சொல் வந்து உட்கார்ந்ததற்கு இந்தச் சூட்டு வித்தியாசம்தான் காரணம்.

"அப்போ வெளிச்சத்தப் பாக்குற பிளாஸ்டிக் தாளு" என்றார் அம்மா. உன் திட்டத்தின் முன்னுரையைவிட அது நன்றாக இருக்கிறது.

இந்தத் துறையின் முன்கதையில் நம் காட்டுக்கும் பங்குண்டு. வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேய மின்பொறியாளர் கடலடித் தந்தி வடங்களைப் போடும்போதே சோதித்துப் பார்க்க, மிக அதிகத் தடையுள்ள ஒரு பொருளைத் தேடினார். செலினியக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அளவு ஓரிடத்தில் நிற்கவில்லை. கம்பி இருந்த பெட்டியை மூடினால் ஒரு தடை, திறந்தால் வேறு தடை. வெளிச்சம் பட்டால் செலினியத்தின் தடை குறைகிறது என்ற செய்தி 1873 பிப்ரவரியில் அச்சில் வந்தது. ஒளியுணரிகளின் வம்சம் அங்கே தொடங்குகிறது. அந்த வடங்களின் செம்புக் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது கட்டாபெர்ச்சா, அதாவது மலாய்க் காடுகளின் தபான் மரத்துப் பால். பேராக் காட்டிலும் தபான் நின்றது. ரப்பர் மரத்தைப் போலக் கீறிவிட்டு மறுநாள் வரும் பழக்கம் அதற்கு இல்லை. மரத்தையே சாய்த்துப் பால் வடித்தார்கள். கண்டங்களைத் தந்தியால் இணைக்க இணைக்க இங்கே மரம் அருகிவந்தது. பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை ஊன்றியது அதே காலம்தான். அந்த நாளின் மரம் ஒன்றை வேலி போட்டு இன்னும் அங்கே காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பின்னால் வந்த ரப்பர்த் தோட்டக் கதையில்தான் நம் தாத்தாவும் பாட்டியும் கப்பலேறுகிறார்கள்.

ஸ்மித்தை நினைவுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் ஒளியுணரியைத் தேடவில்லை. நிற்க வேண்டிய அளவு ஏன் நிற்கவில்லை என்று பார்த்தார். உன் துறையில் இன்றைக்குப் பஞ்சம் புதிய பொருளுக்கு இல்லை, அந்தப் பார்வைக்குத்தான்.

பெரோவ்ஸ்கைட்டின் வரலாற்றை நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அரைப் பக்கம் போதும். 1839-இல் யூரல் மலைக் கனிமம் ஒன்றுக்கு குஸ்தாவ் ரோசே பெயர் வைத்தார். 1950களின் கடைசியில் கோபன்ஹேகனில் கிறிஸ்தியான் மொல்லர் அதே படிக அமைப்புள்ள சீசியம் காரீய ஹாலைடுகளில் ஒளிகடத்தலைக் கண்டார். 1978-இல் டீட்டர் வெபர் சீசியத்தின் இடத்தில் மெத்தில் அமோனியத்தை வைத்தார். 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு 3.8 விழுக்காட்டுத் திறனுள்ள சூரியக் கலம் செய்தது. அதன் பிறகு ஓட்டம்தான். 2013-இல் பக்கத்துச் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரையை மட்டும் கொஞ்சம் விரித்து எழுது. ஒளி பட்டுப் பிறந்த எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் அந்தப் படலத்தில் 100 நானோமீட்டருக்குக் குறையாமல் நடந்து போகின்றன என்று காட்டியது அது. கரைசலில் பூசிய ஒரு பொருள் ஏன் இப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு அங்கேதான் பாதி விடை.

இனி எண்களுக்கு வருவோம். உனக்கும் எனக்கும் சண்டை வரப்போவது இங்கேதான்.

பெட் பிளாஸ்டிக்கில் செய்த வளையும் பெரோவ்ஸ்கைட் ஒளியுணரி ஒன்றைச் சீன ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். நீயும் அதை முதல் சான்றாகக் காட்டியிருக்கிறாய். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில், ஒரு வாட் வெளிச்சத்துக்கு 3.49 ஆம்பியர். நீ அந்த எண்ணுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறாய். கோடு போடுவதற்கு முன் ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தாயா? விழுகிற ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரே ஒரு எலக்ட்ரானைத் தந்தால் கிடைக்க வேண்டியது, அலைநீளத்தை 1240-ஆல் வகுத்த எண். 365-க்கு அது 0.29 ஆம்பியர்தான். ஆகவே 3.49 என்றால் ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு எலக்ட்ரான். மந்திரம் இல்லை. ஒரு வகை மின்னேற்றம் படலத்துக்குள் எங்கோ சிக்கிக்கொண்டு நிற்கும் வரை, மற்ற வகை சுற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சிக்கியது விடுபட எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு நேரம் கருவி மெதுவாகும். பெரிய எண்ணும் வேகமும் ஒன்றையொன்று தின்னும். அதே கருவியில் 780 நானோமீட்டரில் வந்தது 0.0367 மட்டுமே. இரண்டு எண்களையும் அவர்கள் ஒளிக்காமல் சேர்த்துத்தான் சொன்னார்கள். நீதான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

ரப்பர்த் தோட்டத்தில் உன் பாட்டி சுமந்து வரும் பாலுக்கு வாளி எடையைப் பார்த்துக் கூலி போட மாட்டார்கள். கணக்கெழுதும் கிராணி மெட்ரோலாக் கோலைப் பாலுக்குள் விட்டு, உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று பார்த்துத்தான் சிட்டையில் எழுதுவார். வெட்டி எடுத்த பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே ரப்பர். மழை விழுந்த வாளி கனமாக இருக்கும், காசு குறையும். ஆம்பியர் எண் வாளி எடை. இருட்டில் எவ்வளவு ஓடுகிறது, அந்த ஓட்டம் எவ்வளவு தடுமாறுகிறது என்பதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உன் ரப்பர்.

இதைக் காட்டத்தான் ஜோன்ஸ் என்ற அலகில் ஓர் எண் சொல்கிறார்கள். 2014-இல் கலிபோர்னியாவின் யாங் யாங் குழு அதை 10-இன் 14ஆம் அடுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கட்டுரைகளில் இந்த எண் அந்தத் தடுமாற்றத்தை, அதாவது இரைச்சலை, நேரடியாக அளந்து வந்ததில்லை. இருட்டு மின்னோட்டத்தை எடுத்து, அதிலிருந்து கோட்பாட்டு இரைச்சலை மட்டும் கணக்குப் போட்டு, அதைக் கொண்டு வகுத்துவிடுகிறார்கள். குறைந்த அதிர்வெண்களில் உண்மையான இரைச்சல் அதைவிட எவ்வளவோ பெரியது. பெரோவ்ஸ்கைட்டில் அயோடைடு அயனிகளே மின்புலத்தில் நகர்ந்து திரிவதால் அடிநிலைக் கோடே ஊர்ந்து போகும். வோல்ட்டேஜை ஏற்றும்போது ஓர் அளவு, இறக்கும்போது வேறு. ஆக, கணக்குப் புத்தகத்தில் ஜோன்ஸ் கூடும், கருவியில் கூடாது.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் இருட்டை அள. கருவியைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, வேலை செய்யும் வோல்ட்டேஜைக் கொடுத்து, இரவு முழுக்க மின்னோட்டத்தைப் பதிவு செய். மறுநாளும் செய். வளைத்த பிறகும் செய். அந்தக் கோடு எப்படிப் போகிறது என்று தெரிந்த பிறகு விளக்கைப் போடு. நான் சில்லுத் தொழிற்சாலையின் டெஸ்ட் பகுதியில் வேலை பார்த்த காலமெல்லாம் பார்த்தது இதுதான்: நல்ல சில்லையும் நாளைக்குச் சாகப்போகும் சில்லையும் பிரித்துக் காட்டியது ஓடும்போது அது காட்டிய வேகமல்ல, சும்மா இருக்கும்போது கசிந்த மின்னோட்டம். சூடாக்கி அளந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சலிப்பான வேலை. ஷிப்ட் முடியும்போது கண் எரியும். ஆனால் ஈப்போவுக்கு இது கைவந்த வேலை. கார்செம் 1972-இலிருந்து இந்த ஊரில் சில்லுகளைப் பொதிந்து சோதித்துக்கொண்டிருக்கிறது, பிறகு யுனிசெம் வந்தது. சிம்மோரில் ஃபினிசார் என்ற பெயரில் இருந்து இப்போது கோஹிரண்ட் ஆகிவிட்ட தொழிற்சாலை கண்ணாடி இழைத் தொடர்புக்கான ஒளிக்கருவிகளையே உருவாக்குகிறது. உன் அம்மா சொல்லும் வேலையும் நீ சொல்லும் ஆய்வும் எதிரெதிர்த் திசை என்று இரண்டு பேருமே நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வுக்கு நடுவில் ஒரு பருவம் அப்படியொரு சோதனைக்கூடத்தில் இருக்க முடியுமா என்று கேட்டு வை. அளப்பதைப் பிழைப்பாகச் செய்கிறவர்களிடம் கற்பது ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது.

வளைவுக்கு ஒரு சின்னக் கணக்கு. தாளின் தடிமனை, வளைவின் ஆரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் மேற்பரப்பில் எவ்வளவு இழுப்பு என்று தெரியும். 0.1 மில்லிமீட்டர் தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் ஒரு விழுக்காடு. ஒளிபுகும் மின்முனையாக நீ போட்டிருக்கும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு ஒன்றிரண்டு விழுக்காட்டிலேயே விரிசல் விடத் தொடங்கும். அதையே 0.025 மில்லிமீட்டர் தாளில் செய்தால் இழுப்பு கால் விழுக்காடு. ஆகவே ஆயிரம் முறை வளைத்தோம் என்று யாராவது எழுதினால், எந்தத் தடிமனில், எந்த ஆரத்தில், உள்பக்கமாகவா வெளிப்பக்கமாகவா என்று தேடிப் பார். மேலேயும் கீழேயும் சம தடிமன் உறை போட்டுப் படலத்தை நடுவில் வைத்தால் இழுப்பும் அமுக்கமும் அங்கே சமமாகிவிடும். பொருளை மாற்றாமலே பாதிப் பிரச்சினை தீரும்.

திட்டத்தின் கடைசியில் இயற்கை ரப்பரில் பூசப்போவதாக ஒரு பத்தி இருக்கிறது. பேராக்கின் மைந்தர்களுக்கு அது இனிக்கும். நிதி கொடுப்பவர்களுக்கும் இனிக்கலாம். நான் அடித்துவிட்டேன். ரப்பர் தன் நீளத்தைப் போல் பல மடங்கு நீளும், ஆனால் பெரோவ்ஸ்கைட் படிகம் அதனோடு நீளாது. வளைவது வேறு, இழுபடுவது வேறு. அதோடு ரப்பர் நீராவியை எளிதாக உள்ளே விடும். உனக்கு இருக்கும் பெரிய எதிரிக்கு நீயே கதவைத் திறந்துவிடாதே.

அந்த எதிரி நம் காற்று. உன் திட்டத்திலுள்ள மெத்தில் அமோனியம் காரீய அயோடைடு கறுப்பாக இருக்கும். ஈரம் பட்டுப் பட்டு ஒருநாள் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் உள்ளே இருந்தது காரீய அயோடைடாகப் பிரிந்துவிட்டது, கருவி முடிந்தது. கண்ணாடிக்குள் அடைத்த சூரியப் பலகைக்கே 85 டிகிரி சூடு, 85 விழுக்காடு ஈரம், ஆயிரம் மணி நேரம் என்று ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். வளையும் கருவிக்குக் கண்ணாடி போட முடியாது. சாதாரண பெட் தாள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குக் கிராம் கணக்கில் நீராவியை விடுகிறது. உனக்கு வேண்டியது அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அலுமினிய ஆக்சைடு போன்ற படலங்களை அடுக்கடுக்காகப் பூசித் தடுக்கலாம், ஆனால் அவையும் வளைத்தால் விரிசல் விடும் சாதி. வளைவு வேண்டும் என்றால் காவல் குறைகிறது, காவல் வேண்டும் என்றால் வளைவு குறைகிறது. உன் ஆய்வின் மையமே இந்த முடிச்சுதான். திட்டத்தில் இதற்கு நீ ஒதுக்கியிருப்பது ஒரு வாக்கியம்.

நைட்ரஜன் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள் செய்து, அங்கேயே அளந்து, அங்கேயே படம் எடுத்துக் கட்டுரை எழுதுவது எந்த நாட்டிலும் நடக்கும். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்கிற ஊர் என்று பெயர் வாங்கிய தைப்பிங் உனக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. செய்த கருவிகளில் சிலவற்றை அங்கே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்து, பருவமழை முடியும் வரை வாரா வாரம் இருட்டு மின்னோட்டத்தை எடு. வெப்பநிலையும் ஈரப்பதமும் பக்கத்திலேயே எழுதி வை. பணக்கார ஆய்வுக்கூடங்கள் பெட்டி வாங்கிச் செயற்கையாகச் செய்வது உனக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பெட்டிக்குள் சூடும் ஈரமும் ஒரே அளவில் நிற்கும். நம் ஊரில் காலையில் பனி, மதியம் வெயில், நாலு மணிக்கு மழை. இந்த ஏறி இறங்கும் ஈரம் உறையின் ஓரங்களை எப்படிப் பிரிக்கிறது என்று கவனமாக எழுதிவைத்தால் அதற்கு மதிப்பு உண்டு.

இனி எதற்காக இந்தக் கருவி என்ற கேள்வி. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி உன் பட்டியலில் முதலில் இருக்கிறது. நல்லது. ஆனால் அந்தக் கருவிக்கு இரண்டு ஒளி வேண்டும்: 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு, 940 அளவில் அகச்சிவப்பு. நீ தேர்ந்தெடுத்திருக்கும் பொருளின் பார்வை 800-ஐத் தாண்டாது. இரண்டாவது விளக்கு எரிவதே அதற்குத் தெரியாது! காரீயத்தில் பாதியளவை எடுத்துவிட்டு வெள்ளீயத்தை வைத்தால் பார்வை 1,000 நானோமீட்டர் பக்கம் போகும்.

வெள்ளீயம் என்றதும் கிந்தா பள்ளத்தாக்குக்காரனுக்குக் கொஞ்சம் தலை நிமிரும். உலகத்துக்கே வெள்ளீயம் வாரிக் கொடுத்த மண். 1985-இல் விலை சரிந்து லம்பங்கள் என்ற வெள்ளீயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. 1938-இல் கட்டிய, வெள்ளீயம் தோண்டும் கப்பல் தஞ்சோங் துவாலாங்கில் சுற்றுலாப் பொருளாக நிற்கிறது. கம்பாரிலும் செரி இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் பழைய லம்பக் குட்டைகளின் கரையில் எழும்பியிருக்கின்றன. ஆனால் பெருமைக்காக வெள்ளீயத்தைச் சேர்க்காதே. பெரோவ்ஸ்கைட்டுக்குள் அது இரண்டு எலக்ட்ரானை இழந்த நிலையில் இருக்க வேண்டும். காற்று பட்டால் நான்கை இழந்த நிலைக்கு ஓடிவிடும். அப்போது இருட்டு மின்னோட்டம் ஏறும். மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம் பார்.

ஆக்சிஜன் கருவி பற்றி இன்னொன்று. 2020 டிசம்பரில் அமெரிக்க மிச்சிகன் மருத்துவர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் விரல் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டியது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. கோவிட் காலத்தில் வந்த செய்தி என்பதை மறக்காதே. அந்தக் கருவிகளின் பிழை சிலிக்கனின் பிழையல்ல, எந்தத் தோலில் சோதித்து அளவு வகுத்தார்கள் என்பதில் வந்த பிழை. நீ செய்யும் கருவியும் அதே பிழையோடு வரலாம். சுங்கை சிப்புட் தோட்டத்தில் வெயிலில் நின்ற கைகளிலும் சோதித்துப் பார்ப்பேன் என்று திட்டத்தில் எழுது. முறையான நெறிக்குழு அனுமதியோடுதான். தாத்தா வீட்டுக்குப் போகிற வழியில் அல்ல.

எக்ஸ்ரே, வளைந்த கேமரா இவற்றையெல்லாம் நீ சேர்த்திருக்க வேண்டியதில்லை. 2020-இல் ஹாங்காங்கில் அரைக்கோள விழித்திரை மாதிரியைப் பெரோவ்ஸ்கைட் நுண்கம்பிகளால் செய்தது அழகான வேலை, மறுக்கவில்லை. நம் கண் வளைந்த திரையில் படம் விழச் செய்வதால்தான் ஒரே ஒரு லென்ஸோடு பிழைக்கிறது என்பதை அது கண்முன் காட்டியது. ஆனால் அதற்குள் நுழைந்தால் முதுகலைக் காலத்துக்குள் வெளியே வர மாட்டாய்.

எக்ஸ்ரேயைத் தொடச் சொல்லாததற்குக் காரணம் காரீயம். விரலில் ஒட்டும் கருவியில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, அரை மைக்ரோமீட்டர் படலத்தில், ஏறக்குறைய 70 மைக்ரோகிராம் காரீயம் இருக்கும். நீயே அடர்த்தியை வைத்துப் போட்டுப் பார். சின்ன எண். ஆனால் தண்ணீரில் கரையக்கூடிய வடிவத்தில் இருக்கும் காரீயம், அதுவும் வியர்க்கும் தோலுக்கு மேல். எக்ஸ்ரேயைப் பிடிக்கப் படலம் தடிமனாக வேண்டும். தென்கொரியாவில் சாம்சங்கோடு சேர்ந்து 2017-இல் செய்து காட்டியது 830 மைக்ரோமீட்டர். அந்தத் தடிமனில் சதுர மீட்டருக்குக் காரீயம் ஒரு கிலோ வரும்.

"பெரிய அளவில் பார்த்தால் புறக்கணிக்கத்தக்கது" என்று எழுதியிருக்கிறாய். புக்கிட் மேராவிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் பிறந்தவள் நீ? வெள்ளீய லம்பத்தில் மிஞ்சிய மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஆலை அங்கே 1982-இல் ஓடத் தொடங்கியது. தோரியம் கலந்த கழிவு மிஞ்சியது. அதைப் பாப்பானில் கொட்டப் போகிறார்கள் என்று 1984-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு புக்கிட் மேரா மக்கள் வழக்குப் போட்டார்கள். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992-இல் ஆலையை மூடச் சொன்னது. உச்சநீதிமன்றம் 1993-இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஆனாலும் 1994-இல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. அங்கேயும் பொருள் நல்ல பொருள்தான், உலகத்துக்கு வேண்டிய பொருள்தான். கழிவு எங்கே போகும் என்ற பக்கத்தை யாரோ கடைசியாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நீ அந்தப் பக்கத்தை முதலிலேயே எழுது. ஆய்வுக்கூடத்தில் கழுவும் டிஎம்எஃப் கரைப்பான் எந்தக் கலனுக்குப் போகிறது, உடைந்த கருவிகளை யார் எடுத்துப் போகிறார்கள், உறை கிழிந்தால் காரீயத்தைப் பிடித்து வைக்க என்ன படலம் போடலாம் என்பதெல்லாம் ஆய்வுக் கேள்விகளே. டிஎம்எஃப் தோல் வழியாகவும் உள்ளே போகும், பெண்கள் கருவுற்ற காலத்தில் அதன் பக்கமே போகக்கூடாது. உன் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. நீ உன் மேற்பார்வையாளரிடம் கையுறையும் காற்றுப்போக்கியும் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்.

அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் உண்டு. இரைச்சலை நேரடியாக அளக்கும் கருவி கூடத்திலேயே இருக்கிறதா, அல்லது கணக்கில்தான் போடுகிறார்களா? முன்னால் இருந்த மாணவர்கள் ஒரே செய்முறையில் எத்தனை கருவி செய்தார்கள், அதில் எத்தனை வேலை செய்தன? ஒரு நல்ல கருவியின் எண்ணை மட்டும் காட்டி மற்றவற்றைக் குப்பையில் போடும் பழக்கம் இருக்கிற இடம் என்றால் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு, வேறு இடம் பார்ப்போம். கெட்டுப்போன கருவிகளின் எண்ணையும் எழுத விடுகிறவர் என்றால், உதவித்தொகை கொஞ்சம் குறைந்தாலும் அவரிடம் சேர்.

பணத்தைப் பற்றி ஒளித்துப் பேச வேண்டாம். அப்பாவின் மருத்துவச் செலவு எனக்கும் தெரியும். உன் சம்பளத்தை நம்பி வீடு நிற்கவில்லை, ஆனால் நீ சம்பாதித்தால் மூச்சு விடலாம். இரண்டு ஆண்டு என்று வரையறை போட்டுக்கொள். உதவித்தொகைக் கடிதம் கைக்கு வந்த பிறகு வேலைக்கு வேண்டாம் என்று சொல். அதற்கு முன்னால் சொல்லாதே. இரண்டு ஆண்டு முடிந்ததும் முனைவர் பட்டத்துக்கு இழுப்பார்கள். அப்போது மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம், இப்போதே தலையாட்ட வேண்டாம். அளக்கத் தெரிந்தவளுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வேலை இல்லாமல் போகாது என்று அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

திட்டத்தைத் திருத்தி எழுதும்போது தலைப்பிலிருந்து 'உயர்திறன்' என்பதை எடுத்துவிடு. 'ஈரவெப்பக் காற்றில் வளையும் ஒளியுணரிகளின் இருட்டு மின்னோட்டம்' என்று போட்டால் போதும். கவர்ச்சி குறைவுதான். படித்ததும் எங்கே நின்று யார் செய்யப்போகிற வேலை என்று தெரியும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, வகுத்தல்களை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன். 1240-ஐ மறந்துவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா
ஈப்போ